சாஃப்ட்னர் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் ஏன் மாறவில்லை?

“ஏண்டா, இட்லிப் பானையில மறுபடியும் வெள்ளை பூக்க ஆரம்பிச்சிருச்சு. அந்த மெஷினை என்னன்னு பாரு” என்று அம்மா சொன்ன அன்றுதான் எங்கள் வீட்டு சாஃப்ட்னர் வேலை செய்யவில்லை என்பதே எனக்குத் தெரிந்தது. போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் இட்லிப் பானைக்குள் ஒரு துண்டு புளியோ, பிழிந்த எலுமிச்சை மூடியோ போட்டுவைப்பது பழைய வழக்கம். அந்தப் புளிப்பு சுண்ணாம்பைப் படியவிடாமல் கரைத்துவிடும். சாஃப்ட்னர் வைத்த பிறகு அம்மா புளி போடுவதை விட்டிருந்தார். நான் போய்ப் பார்த்தேன். திரையில் மணி சரியாகத் தெரிந்தது. உப்புத் தொட்டியில் முக்கால் அளவுக்கு உப்பு இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் வந்த மெக்கானிக் டேங்கை இரண்டு தட்டு தட்டிவிட்டு, “ரெசின் போயிருச்சு சார், மாத்திடலாம்” என்றார். மூடியைத் திறக்கவில்லை, தண்ணீரைச் சோதிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கொல்லைப்புறத்தில், சாஃப்ட்னரின் கழிவுக் குழாய்மேல் யாரோ செம்பருத்தித் தொட்டியை நகர்த்தி வைத்திருந்தார்கள். குழாய் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. தொட்டியை எடுத்து, குழாயை மாற்றி, இரண்டு தடவை உப்பு ஏற்றினேன். அடுத்த நாள் சோப்பு நுரைத்தது. அதே ரெசின்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஓடுகிறது.

அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீடு, பக்கத்து வீடு என்று பல சாஃப்ட்னர்களைத் திறந்து பார்த்துவிட்டேன். இந்த அத்தியாயத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். ரெசினைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். உப்பு ரெசினைப் போய்ச் சேர்ந்ததா என்பதை முதலில் பாருங்கள்.

உப்புத் தண்ணீர் என்ற ஒரு சொல்

நாம் உவர்ப்பான தண்ணீரையும் “உப்புத் தண்ணி” என்கிறோம், சோப்பு நுரைக்காத தண்ணீரையும் “உப்புத் தண்ணி” என்கிறோம். பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. உவர்ப்புக்குக் காரணம் பெரும்பாலும் சோடியம் குளோரைடு. சோப்பு நுரைக்காமல் போவதற்கும், குழாயில் வெள்ளைக் கறை படிவதற்கும், கீசர் காயில் ஓடு கட்டுவதற்கும் காரணம் கால்சியமும் மக்னீசியமும். இந்த இரண்டாவது குணத்துக்குப் பெயர்தான் கடினத்தன்மை. சாஃப்ட்னர் நீக்குவது இதை மட்டும்தான். நாக்கில் கரிக்கும் தண்ணீரை அது நல்ல தண்ணீர் ஆக்காது.

உள்ளே நடப்பது இதுதான். உயரமான ஃபைபர் டேங்குக்குள் தேன் நிறத்தில், கசகசா அளவில், கோடிக்கணக்கான பிளாஸ்டிக் மணிகள் இருக்கின்றன. அவைதான் ரெசின். ஒவ்வொரு மணியிலும் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரோடு வரும் கால்சியமும் மக்னீசியமும் சோடியத்தைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எல்லா இடமும் நிறைந்துவிட்டால் அதன்பிறகு வரும் தண்ணீர் வந்தபடியே வெளியே போகும். அப்போது கெட்டியான உப்புக் கரைசலை உள்ளே விட்டால், சோடியம் கூட்டமாக வந்து கால்சியத்தைப் பிடுங்கித் தள்ளிவிடும். பிடுங்கப்பட்டதெல்லாம் கழிவுக் குழாய் வழியே வெளியேறும். ரெசின் மறுபடியும் புதிதாகிவிடும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். நம் வீட்டில் “உப்பு ஏற்றுவது”.

ஆகவே நாளுக்கு நாள் தீர்ந்துபோவது உப்புதான், ரெசின் அல்ல. உப்பு போய்ச் சேராவிட்டால் நேற்று வாங்கிய ரெசினும் வேலை செய்யாது. மெக்கானிக் சொன்னபடி நான் ரெசினை மாற்றியிருந்தால், புது ரெசின் சோடியத்தோடு வந்திருக்கும், நாலைந்து நாள் நன்றாக ஓடியிருக்கும், மறுபடியும் நின்றிருக்கும்.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

டிடிஎஸ் மீட்டரை எடுக்காதீர்கள். ஆர்.ஓ. வைத்திருக்கும் பல வீடுகளில் பேனா போன்ற அந்த மீட்டர் இருக்கிறது. அதைச் சாஃப்ட்னர் தண்ணீரில் வைத்துப் பார்த்துவிட்டு, “போரில் 900, இதிலும் 900, மெஷின் வேஸ்ட்” என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கால்சியம் போன இடத்துக்குச் சோடியம் வந்துவிடுவதால் கரைந்திருக்கும் மொத்த அளவு குறையாது. நன்றாக வேலை செய்யும் சாஃப்ட்னரிலும் டிடிஎஸ் அப்படியேதான் இருக்கும், சில சமயம் கொஞ்சம் ஏறும். இந்த மீட்டரை நம்பி நல்ல சாஃப்ட்னரைக் கழற்றிப் போட்ட வீடும் எனக்குத் தெரியும்.

வேண்டியது கடினத்தன்மைச் சோதனைக் கிட். சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து, கூடவே தரும் பஃபர் கரைசலையும் நிறங்காட்டியையும் சேர்த்தால் ஒயின் சிவப்பாக மாறும். பிறகு மூன்றாவது குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினால் ஒரு கட்டத்தில் சிவப்பு மாறி நீலமாகும். எத்தனை சொட்டு என்று எண்ணி, கிட்டில் எழுதியிருக்கும் எண்ணால் பெருக்கினால் பிபிஎம் கணக்கு, அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது, கிடைத்துவிடும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மைக்கு 200 என்ற அளவை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. கிட் கைவசம் இல்லாவிட்டால் மூடியுள்ள பாட்டிலில் பாதித் தண்ணீர், நாலு சொட்டு சாதாரண சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்குங்கள். மென்னீராக இருந்தால் நுரை கட்டியாக நிற்கும், அடியில் தண்ணீர் தெளிவாக இருக்கும். கடின நீரில் நுரை நிற்காது, தண்ணீர் பால் திரிந்ததுபோல் கலங்கும். சோப்பு என்றால் உண்மையான சோப்பாக இருக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் திரவமும் ஷாம்பூவும் கடின நீரிலும் ஓரளவு நுரைத்து ஏமாற்றிவிடும்.

சோதனையை மூன்று இடத்தில் செய்ய வேண்டும்: சாஃப்ட்னருக்குள் நுழையும் தண்ணீர், அதிலிருந்து வெளியே வரும் இடத்திலேயே பிடித்த தண்ணீர், சமையலறைக் குழாய்த் தண்ணீர். வெளியே வரும் இடத்தில் மென்மையாகவும் சமையலறையில் கடினமாகவும் இருந்தால், சாஃப்ட்னர் மேல் குற்றமில்லை. மொட்டை மாடி டேங்கில் பழைய தண்ணீர் மிச்சம் இருக்கலாம். லாரித் தண்ணீரை நேராக மேல் டேங்குக்கு ஏற்றியிருக்கலாம். கீசருக்குள் நிற்கும் பழைய தண்ணீர் தீரும்வரை வெந்நீர்க் குழாய் மட்டும் பழைய கதையையே சொல்லும். இரண்டு இடத்திலும் கடினமாக இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

அதற்கும் முன், தண்ணீரைச் சாஃப்ட்னருக்குள் விடாமல் நேராக வீட்டுக்கு அனுப்பும் பைபாஸ் வால்வைப் பாருங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடவோ, பிளம்பர் வேறு வேலை செய்யவோ திறந்த பைபாஸை மூட மறந்திருப்பார்கள். பாதி திறந்திருந்தால்கூடப் போதும், கடின நீர் கலந்துகொண்டே இருக்கும். சில வால்வுகளில் கொஞ்சம் கடின நீரைக் கலந்துவிடும் திருகு ஒன்றும் உண்டு. அது முழுக்க மூடியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

உப்புத் தொட்டி சொல்லும் சேதி

என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும். கேள்வி ஒன்றே ஒன்று: போன மாதம் போட்ட உப்பு குறைந்திருக்கிறதா? உப்பு வாங்கி வாரக்கணக்காகியும் மட்டம் இறங்கவில்லை என்றால், சந்தோஷப்படாதீர்கள். சாஃப்ட்னர் உப்பைத் தொடவே இல்லை என்று பொருள்.

தொட்டி மூடியைத் திறந்ததும் மேலே உப்பு தெரியும். அதை நம்ப வேண்டாம். மரக்கைப்பிடி ஒன்றை எடுத்து மெதுவாக உள்ளே விட்டுப் பாருங்கள். அடிவரை போக வேண்டும். நடுவில் பாறைபோல் தடுத்து, அதைத் தாண்டியதும் வெறும் பொந்து இருந்தால், மேலே உப்பு ஓடு கட்டி நிற்கிறது. கீழே தண்ணீருக்கு உப்பே இல்லை. காற்றில் ஈரம் அதிகமுள்ள கடலோர ஊர்களில், நைசான பொடி உப்பு போடுகிறவர்கள் வீட்டில் இது அதிகம். கைப்பிடியால் ஓரம் ஓரமாகத் தட்டி உடையுங்கள். கடப்பாரையால் குத்திவிடாதீர்கள். உள்ளே உப்பு உறிஞ்சும் குழாயும் மிதவையும் அடித்தட்டும் பிளாஸ்டிக்தான். பக்கச் சுவரில் வெளியிலிருந்து வெந்நீர் ஊற்றினால் ஓடு இளகும்.

உப்பைப் பற்றி என் தீர்ப்பு: சமையலுக்கு வாங்கும் அயோடின் பொடி உப்பு வேண்டாம். விலையும் அதிகம், கட்டி பிடிக்காமல் இருக்கக் கலக்கும் பொருள் தொட்டியில் சேறாகத் தங்கும். தூத்துக்குடியிலிருந்தோ மரக்காணத்திலிருந்தோ வரும் கல்லுப்பு தாராளமாகப் போதும். ஆனால் அது உப்பளத்து மண்ணையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வரும். ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளரில் கரைத்து அரைமணி நேரம் வைத்தால் அடியில் எவ்வளவு மண் தங்குகிறது என்று தெரிந்துவிடும். மண் அதிகம் என்றால் வேறு கடை பாருங்கள். சாஃப்ட்னருக்கென்று விற்கும் வில்லை உப்பு சுத்தமானது. வசதி இருந்தால் ஆட்டோமேட்டிக் மெஷினுக்கு அதையே போடலாம். எந்த உப்பு போட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை தொட்டியைக் காலி செய்து கழுவத்தான் வேண்டும்.

உப்பு ஓடு கட்டவில்லை, தண்ணீரும் இருக்கிறது என்றால் அடுத்த சோதனை. தொட்டியின் உள்சுவரில் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். டேங்கின் மேலே உள்ள வால்வைக் கையால் உப்பு உறிஞ்சும் நிலைக்குக் கொண்டுபோய், பத்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றாலோ, மாறாக ஏறியிருந்தாலோ நோய் பிடிபட்டுவிட்டது. உப்புக் கரைசல் டேங்குக்குள் போகவே இல்லை.

ஏன் போகவில்லை?

உப்பை உள்ளே இழுப்பதற்கு மோட்டார் எதுவும் கிடையாது. வால்வுக்குள் ஊசித்துளை போன்ற ஒரு சின்னக் குழல் இருக்கிறது. தண்ணீர் அதன் வழியே வேகமாகப் பாயும்போது பக்கத்தில் ஓர் உறிஞ்சல் உண்டாகும். அந்த உறிஞ்சல்தான் தொட்டியிலிருந்து கரைசலை இழுக்கிறது. இதை இன்ஜெக்டர் என்கிறார்கள். வேகம் இல்லாவிட்டால் உறிஞ்சல் இல்லை.

வேகத்துக்கு அழுத்தம் வேண்டும். ஆட்டோமேட்டிக் வால்வுகளுக்குப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு பார் அழுத்தம் தேவை. தண்ணீர் பத்து மீட்டர் உயரத்தில் நின்றால்தான் ஒரு பார் கிடைக்கும். ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடி டேங்க் தரையிலிருந்து ஏழெட்டு மீட்டர்தான் இருக்கும். அதிலிருந்து வரும் தண்ணீரை நம்பி தரையில் ஆட்டோமேட்டிக் சாஃப்ட்னர் வைத்தால் பகலெல்லாம் தண்ணீர் வரும், இரவில் உப்பு ஏறாது. நம்மூர் வீடுகளில் இது சாதாரணமாக நடக்கும் தவறு. மோட்டார் லைனிலோ பிரஷர் பம்புக்குப் பிறகோ வைத்தால்தான் சரிப்படும்.

பிரஷர் பம்ப் இருந்தும் உப்பு ஏறாத வீடு ஒன்றைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பகலில் கையால் ஓட்டினால் உப்பு இறங்கியது, தானாக ஓடும்போது மட்டும் இறங்கவில்லை. வீட்டுப் பெரியவர் பேச்சுவாக்கில், “ராத்திரி படுக்கப் போறப்ப பம்ப் ஸ்விட்சை நான்தான் தம்பி அணைப்பேன், சத்தம் தூங்கவிடாது” என்றார். பல ஆட்டோமேட்டிக் வால்வுகள் இரவு 2 மணிக்கு உப்பு ஏற்றும்படிதான் கடையிலிருந்தே வருகின்றன. வால்வு 2 மணிக்கு விழித்து, அழுத்தம் இல்லாத குழாயோடு ஒன்றரை மணி நேரம் போராடிவிட்டு, எல்லாம் முடிந்ததாகக் கணக்கு எழுதிக்கொண்டது. நேரத்தைப் பகல் 11 மணிக்கு மாற்றினோம். வேறொன்றும் செய்யவில்லை.

மின்வெட்டு இதன் தம்பி. பழைய டைமர்களில் கரண்ட் போனால் கடிகாரம் நின்றுவிடும். ஆறு மணி நேரம் நின்ற கடிகாரம் இரவு 2 மணி என்று நினைப்பது நமக்குக் காலை 8 மணி. அந்த நேரத்தில் எல்லோரும் குளிக்கிறார்கள். உப்பு ஏறும்போது வால்வு சுத்திகரிக்காத தண்ணீரை நேராக வீட்டுக்குள் விடும். கோடையில் மாதம் ஒரு தடவையாவது கடிகாரத்தைச் சரிபாருங்கள்.

அழுத்தமும் நேரமும் சரி என்றால் இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டும். முதலில் மின் இணைப்பை எடுத்துவிடுங்கள். உள்ளே வரும் வால்வை மூடி, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல் திருகினால் மூடி முகத்தில் வந்து அடிக்கும். இரண்டு மூன்று திருகுக்குப் பின்னால் விரல்நுனி அளவில் ஒரு வலையும், அதற்குப் பின் இன்ஜெக்டரும் இருக்கும். உப்போடு வந்த மண்ணும் போர் தண்ணீரின் துருவும் அந்த வலையை அடைத்திருக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். துளையை ஊசியாலோ கம்பியாலோ குத்த வேண்டாம், துளை பெரிதானால் உறிஞ்சல் போய்விடும். சுண்ணாம்பு பிடித்திருந்தால் வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ அரைமணி நேரம் ஊறப்போடுங்கள்.

அதுவும் சுத்தம் என்றால், கழிவுக் குழாய். எங்கள் வீட்டுக் கதைதான். வெளியே போக வழியில்லாத தண்ணீர் உப்புத் தொட்டிக்குத் திரும்பி வரும், மட்டம் ஏறும். குழாயின் முனை சாக்கடைச் சேற்றில் புதைந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா, நெடுந்தூரம் இழுத்து மாடிவரை ஏற்றியிருக்கிறார்களா என்று முழு நீளமும் பாருங்கள். கடைசியாக, தொட்டியிலிருந்து வால்வுக்கு வரும் மெல்லிய குழாய். ஒளி ஊடுருவும் குழாயாக இருந்தால் காற்றுக் குமிழிகள் ஓடுவது தெரியும். அப்படி ஓடினால் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்து காற்று இழுக்கிறது. கையால் இறுக்கினாலே போதும்.

கையால் திருப்பும் மாடல்

பல வீடுகளில் இன்னும் கைப்பிடி வால்வுதான். சர்வீஸ், பேக்வாஷ், பிரைன், ரின்ஸ் என்று எழுதியிருக்கும். பக்கத்தில் உப்பு கரைத்த வாளி, அதில் ஒரு குழாய். இதில் கெடுவதற்கு அதிகம் இல்லை. கெடுப்பது நம் அவசரம்தான். வாளிக் கரைசல் ஐந்து நிமிஷத்தில் உறிஞ்சிப் போனால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். உப்பு ரெசினோடு இருபது, முப்பது நிமிஷமாவது இருக்க வேண்டும். குழாயில் உள்ள சின்ன வால்வைத் திருகி மெதுவாக இழுக்க விடுங்கள். முதலில் பத்து நிமிஷம் பேக்வாஷ் கொடுத்து, கழிவுநீர் தெளிந்த பிறகே உப்பு. கடைசியில் கழிவுநீரில் கரிப்பு போகும்வரை அலச வேண்டும். அடியில் கரையாத உப்போடு வாளியை வைத்துவிட்டு, அத்தனையும் ஏறிவிட்டதாகக் கணக்கு வைக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 350 கிராம் உப்புதான் கரையும். 3 கிலோ கரைய 9 லிட்டராவது வேண்டும்.

கணக்கு தப்பினால்

சில வீடுகளில் உப்பு ஒழுங்காக இறங்கும், உப்பு ஏற்றிய மறுநாள் தண்ணீர் அருமையாக இருக்கும், மூன்றாம் நாளே நுரை போய்விடும். மெஷினில் பழுது இல்லை, கணக்கில்தான் தவறு.

25 லிட்டர் ரெசின் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் ரெசினுக்கு 120 கிராம் வீதம் 3 கிலோ உப்பு ஏற்றினால், அது சுமார் 1,250 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். உங்கள் போர் தண்ணீர் 500 பிபிஎம் என்றால் ஒரு லிட்டரில் அரை கிராம். 2,500 லிட்டர்வரை தாங்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கொண்டால் நாலு பேருக்கு 540 லிட்டர். நாலரை நாள் வரும், நாலு நாளுக்கு ஒரு தடவை என்று அமைத்திருப்பார்கள். சரியான கணக்குதான்.

சித்திரை மாதம் வந்து நிலத்தடி நீர் இறங்கியதும் அதே போரில் 800 பிபிஎம் வரலாம். இப்போது 1,560 லிட்டரில் ரெசின் நிரம்பிவிடும். மூன்றாம் நாள் முடிவதற்குள்ளேயே நுரை போய்விடும். அதோடு ஊரிலிருந்து அக்கா குடும்பம் விடுமுறைக்கு வந்திருந்தால் இரண்டு நாள்கூடத் தாங்காது. ஆகையால் மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை, கோடையில் ஒரு முறை தண்ணீரைச் சோதித்து, வால்வில் உள்ள எண்ணை மாற்றுங்கள். மெஷின் வாங்கிய நாளில் போட்ட எண்ணோடு பத்து வருஷம் ஓட்டுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது.

ரெசினைச் சந்தேகப்படும் நேரம்

மேலே சொன்னதெல்லாம் பார்த்தாயிற்று என்றால், வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்கு உப்பை மெதுவாக ஏற்றி, நன்றாக அலசி, உடனே வெளியே வரும் தண்ணீரைச் சோதியுங்கள். இந்த ஒரு சோதனை இரண்டு வழியாகப் பிரிக்கும்.

உப்பு ஏற்றிய அந்த நிமிஷத்திலேயே தண்ணீர் கடினமாக இருந்தால், ரெசினைச் சுற்றிக்கொண்டு எங்கோ குறுக்கு வழியில் தண்ணீர் போகிறது. வால்வுக்குள் தேய்ந்த வாஷராக இருக்கலாம். டேங்கின் நடுவே நிற்கும் குழாய் வால்வோடு சேரும் இடத்தில் ஓர் ஓ-ரிங் இருக்கும். அது பிய்ந்திருந்தால் மேலேயே கலந்துவிடும். சின்ன ரப்பர் வளையத்துக்காக மொத்த ரெசினையும் மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே அனுபவமுள்ள மெக்கானிக் வேண்டும். வால்வைத் தூக்கும்போது நடுக்குழாய் கூடவே வந்துவிட்டால் திரும்ப இறக்குவது பெரும்பாடு. ஆனால் “ஓ-ரிங்கைப் பாருங்க” என்று நீங்களே சொல்ல முடியும்.

முதலில் மென்மையாக வந்து, வழக்கமான அளவில் பாதிகூடத் தாண்டாமல் கடினமாகிவிட்டால், அப்போது ரெசின் பக்கம் திரும்பலாம். அதற்கும் காரணம் ஒன்றல்ல. ரெசினே குறைந்திருக்கலாம். குளியலறைக் குழாய் வலையில் தேன் நிற மணிகள் மாட்டியிருந்தால் அடி வடிகட்டி உடைந்திருக்கிறது. பேக்வாஷ் நேரத்தில் கழிவுக் குழாயின் கீழே வெள்ளை வாளி வைத்துப் பாருங்கள், அதில் மணிகள் வந்தால் பேக்வாஷ் வேகம் அதிகம். அல்லது ரெசின் மேல் மண் படிந்து இறுகி, தண்ணீர் ஒரே ஓட்டை போட்டுக்கொண்டு ஓடலாம். போரில் மண் வருகிற வீடுகளில் சாஃப்ட்னருக்கு முன்னால் மணல் வடிகட்டி இல்லாவிட்டால் இது நிச்சயம் வரும்.

இரும்பு இன்னொன்று. போரிலிருந்து எடுக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் வைத்ததும் மஞ்சள் பாயும் தண்ணீர் ரெசினுக்கு எதிரி. துரு மணிகளின் மேல் பூச்சாகப் படிந்துவிடும், உப்பு அதை எடுக்காது. கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தரும் சிட்ரிக் அமிலத்தையோ, ரெசின் கழுவவென்று விற்கும் பொடியையோ கரைத்து டேங்கில் சில மணி நேரம் நிறுத்தி, நன்றாக அலசி, பிறகு மறக்காமல் உப்பு ஏற்ற வேண்டும். பிளீச்சிங் பவுடரை இதோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் டேங்கின் பக்கமே வரக்கூடாது. இரும்பு அதிகம் வரும் போருக்குத் தனியாக இரும்பு நீக்கும் வடிகட்டி வைப்பதுதான் நிலையான வழி.

குளோரின் ரெசினை மெல்லக் கொல்லும். சம்பைக் கழுவிவிட்டு அள்ளிப் போடும் பிளீச்சிங் பவுடர் அப்படியே சாஃப்ட்னருக்குள் போகிறது. கொஞ்சம் ரெசினை உள்ளங்கையில் எடுத்து இரு விரலால் அழுத்துங்கள். நல்ல மணி கெட்டியாக உருளும். ஊறிய ஜவ்வரிசிபோல் நசுங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. அப்போது மாற்றுங்கள், தயங்க வேண்டாம். நல்ல தண்ணீரில் ஐந்து வருஷத்துக்கு மேல், பத்து வருஷம்கூட உழைக்கும் பொருள் அது.

மெஷின் சரியான பிறகு

வால்வுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, உப்பு போட்ட தேதி, போட்ட அளவு, சோதித்த பிபிஎம் மூன்றையும் எழுதிவாருங்கள். அடுத்த தடவை மெக்கானிக் வரும்போது அந்தத் தாளே பேசும். சாஃப்ட்னர் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம், குறிப்பாக உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள். 500 பிபிஎம் தண்ணீரை மென்மையாக்கினால் லிட்டருக்கு 230 மில்லிகிராம் சோடியம் கூடுதலாகச் சேர்கிறது. ஆர்.ஓ. வழியாகப் போனால் அதில் பெரும்பகுதி நீங்கிவிடும், ஆர்.ஓ. சவ்வும் கூடுதல் காலம் உழைக்கும்.

கழிவுநீரைப் பற்றி ஒரு வேண்டுகோள். நாலு நாளுக்கு ஒரு தடவை 3 கிலோ என்றால் மாதம் 20 கிலோவுக்கு மேல் உப்பு உங்கள் வீட்டிலிருந்து வெளியேறுகிறது, போர் தண்ணீரிலிருந்து பிடித்த கால்சியமும் அதோடு சேர்ந்து போகிறது. அதைச் செடிக்கோ தென்னைக்கோ விடாதீர்கள், மண் கெட்டுப்போகும். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது தோண்டிய குழி பல வீடுகளில் சாஃப்ட்னருக்கு நாலடி தள்ளித்தான் இருக்கிறது. குழாய் எட்டும் தூரம் என்று அதில் விட்டுவிடுகிறார்கள். அந்தக் குழிதான் உங்கள் போருக்குத் தண்ணீர் கொடுக்கிறது. இன்றைக்கே போய் அந்தக் குழாயின் முனை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குழிக்குள் இருந்தால் வெளியே எடுத்து, கழிவுநீர்ச் சாக்கடைக்கு மாற்றிவிடுங்கள்.